தாழ்ந்த ஸ்தாயியின் சரித்திரம்

சிராங்கூன் ரோடும் கிச்சனர் ரோடும் சந்திக்கிற மூலையில் இன்று குளிர்சாதன வசதியோடு எழுந்து நிற்கும் சிட்டி ஸ்குவேர் மால் என்னும் அங்காடிக்குப் பக்கத்தில், அதனோடு எவ்வித சம்பந்தமும் இல்லாததுபோல, 'நியூ வோர்ல்ட்' என்று பெயர் தாங்கிய பழைய வாயில் ஒன்று பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் 1923-ல் அங்கே ஒரு கேளிக்கை உலகத்தை அமைத்தார்கள்; சீன நாடகம், மலாய் பங்சாவான், குத்துச்சண்டை, சூதாட்டத்துக்கு ஒன்றுவிட்ட உறவான பல விளையாட்டுகள் இவற்றோடு ஒரு காபரே மண்டபமும் அங்கே இருந்தது. சீட்டு வாங்கிக் கொடுத்தால் ஒரு பாட்டுக்கு உடன் ஆடும் நடன மாதர்கள் வரிசையாக அமர்ந்திருந்த அந்த மண்டபத்தில், மேடையின் பின்கோடியில், பிலிப்பீன்ஸ் தேசத்து வாத்தியக்காரர் ஒருவர் தம்மைவிட உயரமான டபுள் பேஸைத் தழுவி நின்றிருப்பார். சிங்கப்பூரில் சம்பளத்துக்கு மந்தர ஸ்தாயி வாசித்தவர்களின் பரம்பரையைத் தேடிப் போனால், சிராங்கூன் ரோட்டின் தேக்காவிலிருந்து நடை தூரத்திலேயே அதன் முதற்படிகளில் ஒன்று கிடைத்துவிடுகிறது.

டபுள் பேஸ் என்பது கம்பீரமான வாத்தியம்தான். ஆனால் பூமத்தியரேகைக்கு ஒரு பாகை வடக்கே, சராசரி ஈரப்பதம் எண்பது சதவீதத்துக்கு மேல் இருக்கிற ஒரு தீவில், அதை வைத்துப் பிழைப்பது ஒரு தவம். ஐரோப்பியக் குளிருக்காகச் செய்யப்பட்ட அந்த மரப்பெட்டியின் மூட்டுகளை ஒட்டியிருப்பது மிருகத் தோல் பசை. உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் அது இளகும், பலகை வாய் பிளக்கும், குடல் தந்தி தன் சுருதியை மறக்கும். இதற்கும் மேலாக, 1950-களின் பிற்பகுதியில் மேடைக்கு மின்சாரக் கிட்டார் வந்து சேர்ந்தபோது, டபுள் பேஸ் வாசித்தவர் எவ்வளவு விரலோடிய வித்வானாக இருந்தாலும், அவர் எழுப்பிய நாதம் முதல் வரிசை நாற்காலியைத் தாண்டவில்லை.

இந்த இக்கட்டுக்குப் பரிகாரம் ஏற்கெனவே கலிபோர்னியாவில் தயாராகியிருந்தது. ஃபுல்லர்ட்டன் என்ற சிற்றூரில் வானொலி பழுது பார்ப்பவராகத் தொழில் தொடங்கிய லியோ ஃபெண்டர், தமக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாமலேயே, 1951-ல் ஒரு பலகையில் நான்கு தந்திகளைக் கட்டி, கழுத்தில் உலோக மெட்டுகளை வரிசையாகப் பதித்து, மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு வாசிக்கும்படியான ஒரு வாத்தியத்தை விற்பனைக்கு விட்டார். டபுள் பேஸின் அதே நான்கு ஸ்வரங்கள். ஆனால் கழுத்துப் பலகையில் விரல் வைக்க வேண்டிய இடத்தை இனி காது தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மெட்டே காட்டிக் கொடுத்துவிடும். முப்பத்துநான்கு அங்குலம் என்று அவர் வைத்த தந்தி நீளம், எழுபது வருஷங்களுக்குப் பிறகும் உலகின் பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் அப்படியே இருக்கிறது. கிட்டார் வாசிக்கத் தெரியாத ஒருவர் வகுத்த அளவை வாசிக்கத் தெரிந்தவர்கள் மாற்றத் துணியாமல் இருப்பது விசித்திரமான சங்கதிதான்.

அந்த வாத்தியம் சிங்கப்பூர் வாலிபர்களின் கண்ணெதிரே உயிர்பெற்ற சந்தர்ப்பம், 1961 நவம்பரில் ஹாப்பி வோர்ல்ட் அரங்கில் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸ் குழுவினரும் நடத்திய கச்சேரி. ஷாடோஸின் பேஸ் வாத்தியக்காரரான ஜெட் ஹாரிஸ், ஃபெண்டர் பேஸைக் கையில் எடுத்த முதல் சில ஆங்கிலேயர்களுள் ஒருவர். அதற்கு அடுத்த ஆண்டு அவர் குழுவை விட்டே விலகிவிட்டார் என்பதால், இந்த ஊருக்கு அவர் வந்து போனது ஒரு நல்ல வேளையில் என்றே சொல்ல வேண்டும். ஷாடோஸின் 'அபாச்சி' என்ற வாத்திய இசையின் பெயரைத் தாங்கி, 'அபாச்சி ஓவர் சிங்கப்பூர்' என்ற நூலை ஜோசப் பெரேரா எழுதியிருக்கிறார். ஒரு நகரத்தின் பத்தாண்டு இசை வரலாற்றுக்கு வேறொரு தேசத்தின் பாட்டு தலைப்பாக அமைந்தது பொருத்தமே. ஏனெனில் அந்தக் கச்சேரிக்குப் பின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு குழுவும் பேட்டைக்கு இரண்டு குழுக்களுமாக முளைத்தன என்றால் அது மிகையில்லை.

முளைத்த குழுக்களுக்கு ஆசை இருந்தது; கருவி இல்லை. மூன்று பேர் கிட்டார் பழகியிருந்தால், அவர்களில் கை சற்று மந்தமானவரை மற்ற இருவரும் பேஸுக்குத் தள்ளிவிடுவது உலகெங்கும் உள்ள சம்பிரதாயம். இந்த ஊரும் விலக்கல்ல. அமெரிக்க வாத்தியத்தின் விலை ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளத்துக்குச் சமானம் என்ற நிலையில், ஜப்பானியக் கிட்டார்களும், தச்சுப் பட்டறையில் அறுத்தெடுத்த பலகைகளும், வானொலிப் பெட்டியைப் பிரித்துச் செய்த ஆம்ப்களுமே முதல் தலைமுறையின் சொத்து. அமெரிக்க ஆம்ப் ஒன்று எப்படியோ கைக்கு வந்துவிட்டாலும் தொல்லை தீர்ந்துவிடாது. அது 110 வோல்ட் மின்சாரத்துக்காகப் பிறந்தது. சிங்கப்பூரின் சுவரில் ஓடுவதோ 230 வோல்ட். நடுவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைக்க மறந்தவன், முதல் பாட்டின் முதல் ஆவர்த்தம் முடிவதற்குள் புகையைப் பார்ப்பான். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாத ஆங்கிலேய ஆம்ப்களுக்கு இந்த ஊரில் மவுசு அதிகமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. ரசனைக்கு அதில் பங்கு உண்டென்றாலும், சுவரிலிருந்த மின்சாரத்துக்கும் அதே அளவு பங்கு உண்டு.

கருவியைத் தேர்ந்தெடுப்பது வாசிப்பவரின் ருசி என்று நாம் நினைக்கிறோம். ஆனால் சிங்கப்பூர் பேஸ் வாத்தியக்காரர்களின் வரலாற்றைப் புரட்டப் புரட்ட, கருவியைத் தேர்ந்தெடுத்தது மண்டபமும் சாலையும் மின்சாரமும் சீதோஷ்ணமும்தான், மனிதர் அதற்குச் சம்மதம் தந்தவர் மட்டுமே என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

மண்டபங்களையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் ஒரு குழுவுக்கு வருமானம் வந்த வழிகள் முக்கியமாக மூன்று. ஞாயிறு பிற்பகல்களில் ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் போன்ற இடங்களில் நடந்த டீ டான்ஸ் ஒன்று. சினிமாக் கொட்டகையில் காலைப் படத்துக்கு முன்னால் மேடையேறிச் சில பாட்டுகள் வாசிப்பது மற்றொன்று. செம்பவாங், சிலேத்தார், சாங்கி, தெங்கா ஆகிய இடங்களிலிருந்த பிரிட்டிஷ் படை முகாம்களின் கேளிக்கை மண்டபங்கள் மூன்றாவது. முகாம்களில் கூலி நன்றாக இருந்தது. ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் லிவர்ப்பூலிலும் லண்டனிலும் அசலைக் கேட்டுவிட்டு வந்தவர்கள், பேஸ் தெளிவாகக் கேட்காவிட்டால் தயங்காமல் சொல்லக்கூடியவர்கள். டீ டான்ஸ் மண்டபம் தாழ்ந்த கூரையோடும் திரைச்சீலைகளோடும் இருந்து ஓசையை விழுங்கும். கொட்டகையோ வெறும் சிமெண்டுச் சுவர்களில் அதை எதிரொலிக்க விட்டுக் குழப்பும். பேஸின் ஆகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்த அதிர்வின் ஓர் அலைக்கு எட்டு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டும். பழைய கடைவீடுகளின் முகப்பு அகலம் அதைவிடக் குறைவு என்பதை நினைத்தால், இன்றைக்கும் கடைவீட்டு மதுக்கூடங்களில் பேஸ் ஏன் ஒரு மேஜையில் இடியாகவும் அடுத்த மேஜையில் ஒன்றுமில்லாமலும் ஒலிக்கிறது என்பது விளங்கும்.

அந்தப் பத்தாண்டின் பேஸ் வாத்தியக்காரர்களில் ஒருவரையாவது பெயர் சொல்லி நிறுத்திப் பேச வேண்டும். குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1961-ல் தொடங்கிய 'தி குவெஸ்ட்ஸ்' என்ற குழுவில் பேஸ் வாசித்தவர் ஹென்றி சுவா. 1964-ல் அக்குழு வெளியிட்ட 'ஷாண்டி' என்ற வாத்திய இசைத்தட்டு, உள்ளூர் வரிசையில் பீட்டில்ஸையே கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. அதை இயற்றியவர் முன்னால் நின்று மின்னியவர்களில் எவருமல்லர், பின்னால் நின்ற இந்த ஹென்றி சுவாதான். அதே குழுவில் கிட்டார் வாசித்த ரெஜி வர்கீஸ் கேரளத்து வம்சாவளியினர். பின்னாளில் பாடகராகச் சேர்ந்தவர் வெர்னன் கொர்னேலியஸ். 1965-ல் பிறந்தநாள் பாட்டு ஒன்றால் வீடுதோறும் பரிச்சயமான 'நவோமி அண்ட் தி பாய்ஸ்' குழுவிலும் சூரியா என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. அவர்கள் பாடியது ஆங்கிலம். கேட்டவர்கள் எல்லா இனத்தவரும். சிராங்கூன் ரோட்டின் அப்போதைய தமிழ்ச் சங்கங்கள் இவர்களைத் தம்மவராகக் கொண்டாடியிருந்தால், நம் இசைச் சரித்திரத்தில் இன்னும் இரண்டு அத்தியாயம் கூடியிருக்கும்.

இந்த இடத்தில் கச்சேரி மேடையிலிருந்து சற்று விலகி, வேறொரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவது முறை. அபிஷேகநாதன் என்ற தமிழ்ப் பெயரைத் தாங்கிய அந்தக் குடும்பத்தில் மூத்தவரான பால், சிங்கப்பூரில் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்தைக் கட்டி வளர்த்தவர்களுள் முதன்மையானவர். 1926-ல் பிறந்த அவருடைய தம்பி அலெக்ஸ், லண்டன் ராயல் மியூசிக் காலேஜில் பயின்று திரும்பி, தொலைக்காட்சி வாயிலாகவே வீட்டிலிருந்தவர்களுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்து, 'சிங்கப்பூர் கிட்டாரின் தந்தை' என்று பெயர் பெற்றார். அவர் டபுள் பேஸும் வாசித்தவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1981-ல் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவர் அமைத்த கிட்டார் குழுவில், சாதாரணக் கிட்டாருக்குக் கீழே பேஸ் கிட்டார், அதற்கும் கீழே கான்ட்ரபேஸ் கிட்டார் என்று வாத்தியங்கள் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டு போகும். மந்தரத்தின் சுவையை அறிந்த ஒருவரால்தான் அப்படி ஒரு குழுவைக் கற்பனை செய்ய முடியும். 1988-ல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது.

மேடைக்குத் திரும்புவோம். படைகளைத் திரும்பப் பெறப்போவதாக 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்தது. 1971 முடிவதற்குள் முகாம்களின் பெரும்பகுதி காலியாகிவிட்டது. குழுக்களின் வருமானத்தில் ஒரு தூண் அத்தோடு சாய்ந்தது. நீண்ட கேசம் வைத்த ஆடவர்களுக்கு அரசாங்க அலுவலகங்களில் கடைசியில்தான் சேவை என்ற அறிவிப்புப் பலகைகள் தொங்கிய காலம் அது. 1972-ல் லெட் ஸெப்பலின் குழுவினர் தலைமுடியின் காரணமாகவே ஊருக்குள் வர முடியாமல் திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டிலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியங்களுக்கும் தடை வந்தது. ராக் இசையும் காவடியும் ஒன்றுக்கொன்று தெரியாமலேயே ஒரே காலத்தில் வாய் மூட நேர்ந்ததை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை.

தமிழ்க் காது மந்தரத்துக்குப் புதியதன்று. தவிலின் தொப்பி, மிருதங்கத்தின் இடந்தலை, குச்சியால் தேய்க்கும்போது விம்மி இறங்கும் உறுமி இவையெல்லாம் நம் அடிவயிற்றில் எப்போதோ இடம்பிடித்துவிட்டவை. ஆனால் இவை தாளத்தின் சொத்து. தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு தனி இசைக்கோடு, பாட்டின் மெட்டோடு சம்பாஷணை செய்தபடி உடன் நடப்பது என்ற எண்ணம் நமக்குச் சினிமா வழியாகத்தான் பரவலாக வந்தது. 1976-ல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாதான் அதை முழு உருவத்தில் கொண்டுவந்தவர். சசிதரனின் பேஸ் கிட்டார் அந்தப் பாட்டுகளில் மெட்டுக்கு எதிர்மெட்டாகவே ஓடுகிறது. மனம் வைத்துக் கேட்டால், பாடுபவரை விட்டுவிட்டு அதை மாத்திரம் முணுமுணுத்துக்கொண்டு போகலாம். சென்னையில் ஒலிப்பதிவான அந்தக் கோடுகளை சிங்கப்பூர் மேடைகளில் மறுபடி வாசிக்க வேண்டியிருந்தவர்கள், சமூக மன்றத்து மெல்லிசைக் குழுக்களிலும், பெருமாள் கோயிலின் கோவிந்தசாமிப் பிள்ளை மண்டபம் போன்ற இடங்களின் கல்யாண வரவேற்புகளிலும் நின்ற பேஸ் வாத்தியக்காரர்கள். இவர்களுக்குக் குறிப்பேடு கிடையாது. ஒலிநாடாவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, மிருதங்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும் ஸ்வரத்தைக் காதால் தோண்டி எடுத்தார்கள். ஆள் குறைக்க வேண்டிய குழுக்களில் கீபோர்டு வாசிப்பவரின் இடது கையே பேஸ் ஆகிவிடுவதும் உண்டு. சிக்கனமான ஏற்பாடுதான், ஆனால் விரலால் தந்தியை இழுத்து விடும்போது ஸ்வரத்துக்கு முன்னால் பிறக்கிற அந்தச் சிறு உறுமலை எந்தக் கீபோர்டும் தராது என்பது என் பிடிவாதமான அபிப்பிராயம்.

1992-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னையில் 'ரோஜா' வெளிவந்தது. அதற்கு இசையமைத்த ஏ. ஆர். ரஹ்மானின் ஆரம்ப காலப் பாட்டுகள் தொட்டுக் கீத் பீட்டர்ஸ் என்ற வாத்தியக்காரர் பேஸை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனார். அதே வருஷத்தில் சிங்கப்பூரில் 'ருத்ரா' என்ற மெட்டல் குழு பிறந்தது. அதில் பேஸ் கிட்டாரையும் பாட்டையும் ஒருங்கே ஏற்றவர் கதிரேசன். உலகெங்கும் மெட்டல் குழுக்கள் நரகத்தையும் மரணத்தையும் பாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் உபநிஷத்துகளையும் அத்வைத தத்துவத்தையும் அந்த இரைச்சலுக்குள் கொண்டுவந்தார்கள். 1998-ல் முதல் ஆல்பமும், 2003-ல் 'குருக்ஷேத்ரா'வும், 2005-ல் 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் தொகுதியும் வெளியாயின. பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவது எளிதன்று. கிட்டார்காரர் ஸ்வரக்கட்டைத் தட்டிக்கொண்டே பாடலாம், பேஸ்காரரின் கையோ தாளத்தோடும் வாயோ சாகித்தியத்தோடும் போக வேண்டும். முன்வரிசையில் ஒரு பேஸ் வாத்தியக்காரர் நின்றது என்ற ஒன்றே, பின்கோடியில் டபுள் பேஸைத் தழுவி நின்ற நியூ வோர்ல்ட் காலத்திலிருந்து இந்த ஊர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு அளவு.

கருவி வாங்கக் கூடிய வீதிகளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1946-ல் தொடங்கிய ஸ்வீ லீ என்ற வாத்தியக் கடை, பல தலைமுறைகளுக்கு ஃபெண்டரைக் கண்ணாடிக்குப் பின்னாலாவது காட்டி வந்திருக்கிறது. செலிகி ரோட்டின் பீஸ் சென்டரில் இருந்த சிட்டி மியூசிக், தேக்காவிலிருந்து கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடக்கூடியது. அந்தக் கட்டடம் 2021-ல் மொத்த விற்பனைக்குப் போய்விட்டது. கோல்மன் தெருவின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் மாடிக்கு மாடி கிட்டார்கள் தொங்கின. இவை எல்லாவற்றையும்விடச் சுவாரஸ்யமானது சுங்கை ரோட்டுத் 'திருட்டுச் சந்தை'. ரோச்சோர் கால்வாய்க்கு அருகே, தரையில் சாக்கு விரித்து, படை முகாம்களிலிருந்து கழிந்த சாமான்களும் பழைய வானொலிகளும் வால்வுகளும் ஸ்பீக்கர்களும் குவிந்திருந்த அந்தச் சந்தை, பணமில்லாத வாத்தியக்காரனின் பல்கலைக்கழகம். 2017 ஜூலை 10-ஆம் தேதி அது மூடப்பட்டது. வாங்கியது வேலை செய்யுமா என்று சோதிக்க அங்கே மின்சாரம் கிடையாது. ஆகையால் வால்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவனே பிழைத்தான்.

சீதோஷ்ணம் இன்றைக்கும் தன் அதிகாரத்தை விடவில்லை. வீட்டில் ஈரக்காற்று, ஸ்டூடியோவில் குளிர்சாதனம், கல்யாண மண்டபத்தில் மறுபடி வியர்வை என்று ஒரே நாளில் மூன்று பருவங்களைக் காணும் மரக்கழுத்து வளையாமல் என்ன செய்யும்? கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சிறு சாவியால் கால் திருப்பு முறுக்கத் தெரிந்திருப்பது இங்கே ஆடம்பர ஞானமல்ல. கை வியர்க்கிறவர்களின் வரிவரியான உருண்டைச் சுற்றுத் தந்திகளில் வேர்வையும் அழுக்கும் புகுந்து சில வாரங்களில் ஓசை மங்கிவிடும். தட்டைச் சுற்றுத் தந்தியோ வழவழப்பாக இருந்து ஆண்டுக்கணக்கில் உழைக்கும், பழைய இளையராஜா பாட்டுகளின் உருண்டையான நாதத்துக்கும் அதுவே பொருந்தும். பளீரென்ற ஓசை வேண்டிய புதுப் பாட்டுகளுக்கு அது உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பாரம். 1969-ல் வந்த ஆம்பெக் எஸ்விடி ஆம்ப்பின் தலைப்பகுதி மாத்திரம் ஏறக்குறைய 38 கிலோ. எட்டு ஸ்பீக்கர் கொண்ட அதன் பெட்டி அதைவிடக் கனம். லாரி வைத்திருந்த அமெரிக்கக் குழுக்களுக்கு அது சரி. கார் வாங்குவதற்கு முன் உரிமைச் சான்றிதழுக்கே பெருந்தொகை கட்ட வேண்டிய ஊரில், பன்னிரண்டாம் மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து மின்தூக்கியில் இறங்கி, டாக்சியின் பின்பெட்டியில் ஏற்றி இறக்குபவனுக்கு அது தண்டனை. மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் 500 வாட் தருகிற இன்றைய சிறு ஆம்ப்கள் வேறெந்த ஊரைவிடவும் இந்த ஊருக்குத்தான் வரப்பிரசாதம். பல மண்டபங்களில் அதுவும் தேவையில்லை. கைக்கடக்கமான டிஐ பெட்டி ஒன்றின் வழியாக நேரே ஒலிபெருக்கிக்காரரின் மேஜைக்குக் கம்பி போய்விடும். சுவருக்கு அப்பால் அண்டை வீட்டார் இருக்கும் வீவக வீட்டில் ஒத்திகைக்கு ஹெட்ஃபோன். குழுவோடு வாசிக்க மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோ. பேஸின் ஓசை அண்டை வீட்டுக் கண்ணாடி அலமாரியைத்தான் முதலில் எட்டும் என்பதை அனுபவிகள் அறிவார்கள்.

தமிழ்க் கல்யாணக் கச்சேரிகளை நம்பிப் பேஸ் வாங்கப் போகும் இளைஞர் ஒருவர் நான்கு தந்தியா ஐந்து தந்தியா என்று கேட்டால், ஐந்து என்றே சொல்வேன். தொண்ணூறுகளுக்குப் பின் வந்த சினிமாப் பாட்டுகளில் சிந்தசைஸர் பேஸ் நாலாவது தந்திக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வினாடிக்கு 31 அதிர்வு வரை போகும் ஐந்தாவது தந்தி இல்லாதவர் அங்கே ஒரு ஸ்தாயி மேலே ஏறி வாசித்துச் சமாளிக்க வேண்டும், ஆடுகிறவர்களின் கால் அதை உடனே கண்டுபிடித்துவிடும். அதோடு, பாடகர் கடைசி நிமிஷத்தில் சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொல்வது நம் மேடைகளில் நித்திய வழக்கம். தாழ இறங்க இடமிருப்பவருக்கு அதனால் கலக்கமில்லை. கழுத்து அகலமாக இருக்கும், கை முதலில் வலிக்கும், விலையும் சற்று கூடுதல். இரண்டு மூன்றைக் கையிலெடுத்து, நின்றபடி அரை மணி நேரம் தோளில் தொங்கவிட்டுப் பார்த்து, தலைப்பக்கம் தாழாமல் சமநிலையில் நிற்கிறதா என்று கண்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். கல்யாண வரவேற்பு என்பது மாப்பிள்ளை வீட்டார் வந்து சேரும் வரை நீளும் கச்சேரி.